மண்டபமும் வாசலும்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகைத் தீபமும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கோயில் நகரங்களுக்கு இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. மண்டபத்தில் ஒருவர் ஏட்டைப் படித்துப் பொருள் சொல்ல, எழுத்தறியாத பலரும் கூடியிருந்து கேட்பர். அங்கே நூல் பலரும் பகிர்ந்துண்ணும் விருந்து. ஆயினும் அம்மண்டபத்துள் நுழைய எல்லார்க்கும் உரிமை இருந்ததில்லை. குரல் இருந்தது, வாசல் அடைபட்டிருந்தது.

அவ்வாசலைத் திறந்தது பொது நூலகம். அதன் வரலாற்றில் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனுக்குத் தனியிடம் உண்டு. கணித ஆசிரியராயிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றார். குராய்டன் நகரின் பொது நூலகத்தில், சாதாரண மக்களின் அன்றாட வாழ்வில் நூலகம் கலந்திருப்பதைக் கண்டார். இலண்டன் கடையொன்றில், சிறு உலோகத் துண்டுகளை இணைத்துப் புதுப்புது உருவங்களை ஆக்கும் ‘மெக்கானோ’ விளையாட்டுப் பொருளையும் கண்டார். அறிவுத்துறைகளையும் இவ்வாறே பகுத்து இணைக்கலாமே என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறையின் வித்து அதுவே. நூலகத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

1931இல் அவர் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூலகத்தை வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிருக்கு ஒப்பிடுகிறது ஐந்தாவது விதி. அதே ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. வாசகன் வருவான் எனக் காத்திராமல், நூலகமே அவனைத் தேடிச் சென்றது.

1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு பை எனப் பழைய நாணயக் கணக்கில் நூலக வரி விதிக்கப்பட்டது. பின்னாளில் இவ்விகிதம் உயர்ந்தது. கருணையாகக் கிடைத்த நூலகம், இவ்வரியால் மக்களின் உடைமையாயிற்று.

எனினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. வாசல் திறந்தபோது குரல் அடங்கிவிட்டது. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையே நூலகத்தின் அடையாளமாயிற்று.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறி வருகிறது. 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பிரிவும், பார்வையற்றோர்க்குப் பிரெய்ல் பிரிவும், சொந்த நூலைக் கொணர்ந்து படிக்க இடமும் அமைந்தன. 2011இல் அதனை இடம் மாற்ற அரசு முடிவெடுத்தபோது, வழக்குகள் எழுந்தன. உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தங்கள் உடைமை என்று மக்கள் உணர்ந்திருந்ததற்கு அது சான்று. 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது.

மாநகரங்களின் மாளிகைகள் மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் 1989இல் தனி மாவட்டமான திருவண்ணாமலை போன்ற பகுதிகளில், சிற்றூர்ப் பிள்ளைக்கு எட்டுவது கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமுமே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்க்கு அங்கே அமைதி வேண்டும், அது நியாயம். கதை கேட்கவும், படம் வரையவும், கேள்வி கேட்கவும் விரும்பும் குழந்தைக்கும் அங்கே ஒரு மூலை வேண்டும், அதுவும் நியாயமே. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலைப்பொழுது, ஒரு பாய், உரக்கப் படிக்க ஒருவர், உயிரோட்டமுள்ள வாசகர் வட்டம் ஆகியவை போதும்.

மண்டபத்தின் குரலும் நூலகத்தின் திறந்த வாசலும் ஒருங்கே அமைவது இக்காலத்தில்தான் இயலும். வரி செலுத்தியதோடு நம் கடமை முடிந்ததென எண்ணாமல், நம் ஊர் நூலகத்துள் ஒரு குழந்தையின் கைபிடித்து நுழைவோம்.