வெறுங்காலுடன் ஓடியவர்களை உலக அரங்கிற்கு அனுப்பிய வணிகர்

ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறும் ஆண்டுகளில் நம் நாட்டவர் பதக்கம் பெற்றால் நாம் மகிழ்கிறோம், பெறாவிட்டால் வருந்துகிறோம். ஆனால், அப்போட்டிக்கு இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஓர் அணியைத் திரட்டி அனுப்பியவர் யார் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. சர் தொராப்ஜி டாட்டா என்னும் அந்தப் பெருமகனாரின் வாழ்க்கையை ஜமாஅத்தார்களுக்கு, குறிப்பாக நம் இளைஞர்களுக்கு, இங்கே நினைவுபடுத்த விரும்புகிறோம்.

பார்சி சமூகத்தைச் சேர்ந்த பெருவணிகர் ஜம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மகனாக, 1859 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று பம்பாயில் பிறந்தார் தொராப்ஜி. 1877 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஈராண்டுகள் பயின்றார். அங்கே பாடத்தோடு விளையாட்டிலும் ஆர்வம் கொண்டார். தாயகம் திரும்பி, பம்பாயில் பட்டம் பெற்று, சில காலம் பத்திரிகையாளராகவும் பணியாற்றினார்.

1884 இல் தந்தையின் பருத்தித் தொழிலில் சேர்ந்தபோது அவருக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பணி நமக்கு அண்மையிலேயே இருந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஒரு பஞ்சாலை நிறுவினால் இலாபம் கிட்டுமா என ஆராய்ந்து வருமாறு தந்தையார் அவரை அனுப்பினார். அதன்பின் நாகபுரி எம்பிரஸ் ஆலையில் தொழில் பயின்றார். 1904 இல் தந்தையார் மறைந்தபின், அவர் கண்ட கனவான இரும்பு ஆலையை நிறைவேற்றும் பொறுப்பு மகனிடம் வந்தது. 1907 இல் நிறுவனம் தொடங்கப்பட்டது; 1912 இல் ஜம்ஷெட்பூரில் எஃகு உருவானது.

இத்தனை பணிகளுக்கிடையிலும் அவர் விளையாட்டை மறக்கவில்லை. இங்கிலாந்தில் தாம் பெற்ற பயிற்சி நம் நாட்டுச் சிறுவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, பம்பாய் உயர்நிலைப் பள்ளிகளுக்கான விளையாட்டுச் சங்கம் அமைய உதவி, அதன் செயலாளராகவும் உழைத்தார். முதலில் கிரிக்கெட், பின்னர் ஓட்டமும் தாண்டுதலும் என்று போட்டிகள் விரிந்தன. இப்பணிகளுக்காக அவர் ஊதியம் எதுவும் பெற்றவரல்லர்.

1919 இல் புனே டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழாவுக்குத் தலைமை ஏற்றார். ஓட வந்தவர்களுள் பலர் உழவர்கள். முறையான பயிற்சியோ காலணியோ அவர்களுக்கு இல்லை. கரடுமுரடான பாதையில் வெறுங்காலுடனேயே ஓடினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்ட தொராப்ஜி வியந்தார். அது ஐரோப்பிய வீரர்களின் நேரத்தோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. போட்டியைக் காண வந்த பம்பாய் ஆளுநரிடம், அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் நகரில் நடைபெறும் ஒலிம்பிக்கிற்கு இந்தியர்களை அனுப்பலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

1900 இல் நார்மன் பிரிட்சார்ட் என்பவர் பாரிஸில் பங்கேற்று இரு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றிருந்தார். எனினும் அவர் தனியொருவராகவே சென்றவர். நாட்டின் பெயரால் ஓர் அணி சென்றதில்லை. இந்தியா அடிமை நாடாக இருந்த காலம் அது. பிரிட்டிஷ் ஒலிம்பிக் குழுவினரின் துணையுடன் அனுமதி பெறப்பட்டது. பொதுமக்கள் நன்கொடையோடு, தொராப்ஜி தம் சொந்தப் பணத்தையும் கொடுத்தார்.

ஓட்டக்காரர் நால்வரும் மல்யுத்த வீரர் இருவரும் 1920 இல் அன்ட்வெர்ப் சென்றனர். மராத்தான் ஓட்டத்தில் பதேப்பா சௌகுலே 19 ஆம் இடம் பெற்றார். மல்யுத்தத்தில் ரந்தீர் ஷிண்டே பதக்கத்தின் அருகில் வந்து தவறவிட்டார். பதக்கம் ஏதுமின்றி அணி திரும்பியது. பணம் வீணாயிற்று என்று தொராப்ஜி ஒதுங்கிவிடவில்லை. மாகாணந்தோறும் சங்கங்கள் அமைந்தால்தான் வீரர்களைத் தேடிக் கண்டெடுக்க முடியும் என்று உணர்ந்தார். அதே 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியிருந்த ஹாரி பக், அதே இயக்கத்தைச் சேர்ந்த டாக்டர் நோரன் ஆகியோர் இம்முயற்சியில் துணைநின்றனர். 1924 பாரிஸ் ஒலிம்பிக் அணிக்கு ஹாரி பக்கே மேலாளராகச் சென்றார். முகம்மது ஸலீம், அத்தர் அலி ஃபைஜி, ஐதராபாத் சையத் முகம்மது ஹாதி ஆகியோர் அவ்வாண்டு டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினர்.

1927 இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவர் தொராப்ஜி. சங்கம் காலூன்றியதும் பதவியைப் பிடித்துக்கொண்டிராமல் விலகினார். பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் பொறுப்பேற்றார். 1928 இல் ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது.

அவருக்குச் செல்வம் குறைவின்றி இருந்ததால்தானே இவ்வளவும் செய்தார் என்று நாம் கருதிவிடக் கூடாது. 1924 இல் இரும்பு ஆலை தொழிலாளர்க்கு ஊதியம் கொடுக்கவும் இயலாத நெருக்கடிக்கு உள்ளானது. அப்போது தம் சொந்தச் சொத்துகளையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் அடமானம் வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்று ஆலையைக் காப்பாற்றினார். 1932 இல் தம் செல்வம் முழுவதையும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வக்ஃபின் பொருளை அறிந்த நமக்கு இச்செயலின் அருமை விளங்கும். அவ்வாண்டு ஜூன் 3 அன்று ஜெர்மனியில் காலமானார். 1941 இல் பம்பாயில் திறக்கப்பட்ட டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அவ்வறக்கட்டளையின் கொடையேயாகும்.

நம் செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்துப் பிள்ளைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளே. அவர்களுள் விரைந்து ஓடுவோரும் உயரத் தாண்டுவோரும் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தேவை பெரும் பொருள் அன்று: ஓட்டத்தின் நேரத்தைக் குறித்து வைக்க ஒருவர், மாவட்டப் போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம், ஒரு சோடிக் காலணி. வசதி படைத்தோர் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தோற்றுத் திரும்பும் பிள்ளையை மறுமுறையும் அனுப்பி வைக்கும் மனமும் நமக்கு வேண்டும். தொராப்ஜி அனுப்பிய முதல் அணியும் வெறுங்கையோடுதான் திரும்பி வந்தது.