பதினாறு நாள் மௌனம்

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவிக்கும் வழக்கத்தைக் கலித்தொகை அறியும். இன்றைய நகரங்களில் அப்பணியைப் பெரும்பாலும் அலுமினியம் சல்பேட் செய்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்களை அது ஒன்றுதிரட்டிப் படியவைக்கும். அளவோடு சேர்த்தால் பெரும்பகுதி கசடோடு வெளியேறிவிடும். குழாய்நீரில் எஞ்சும் அலுமினியத்துக்கு ஐரோப்பிய விதி வகுத்த எல்லை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அவ்வெல்லை அடியோடு தகர்ந்த வரலாறு இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு என்னும் சிற்றூருக்கு உரியது.

1988 ஜூலை 6 அன்று, கார்ன்வாலில் அவ்வூருக்கு அருகிலுள்ள லோயர்மூர் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலுடன் லாரி ஒன்று வந்தது. நிலையத்தில் ஆளில்லை, ஓட்டுநரோ இடத்துக்குப் புதியவர். ரசாயனக் கிடங்குத் தொட்டியில் இறங்கவேண்டிய கரைசல், சுத்திகரிப்பு முடிந்து வீடுகளுக்குச் செல்லவிருந்த நீரில் இறங்கியது. சுமார் 20,000 மக்கள் அந்த நீரை நம்பியிருந்தனர். கோடை விடுமுறைக்கு வந்தோர் இதில் அடங்கார். அமிலமாகிவிட்ட நீர் குழாய்களிலிருந்த செம்பையும் ஈயத்தையும் அரித்து உடன் கொண்டுவந்தது. செம்பால் சிலருடைய தலைமுடி பச்சையாயிற்று. வாய்ப்புண், வாந்தி, மூட்டுவலி எனப் புகார்கள் குவிந்தன. ஆற்றில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன.

இதுவரை நடந்தது விபத்து. அதன்பின் நடந்ததை அப்படிச் சொல்ல இயலாது. காரணம் சில நாட்களிலேயே தென்மேற்கு நீர் ஆணையத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, நீர் பாதுகாப்பானது என்ற பதிலே கிடைத்தது. 16 நாட்கள் கழித்து, ஜூலை 22 அன்று, உள்ளூர் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியானது. நீர் ஆணையங்களைத் தனியார்மயமாக்க அரசு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

1991இல் நீதிமன்றம் ஆணையத்துக்கு 10,000 பவுண்டு அபராதம் விதித்தது. 2004இல் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் மிகுதியான அலுமினியம் காணப்பட்டது. அவர் மரணத்தில் இந்நிகழ்வுக்குப் பங்கிருக்க மெய்யான வாய்ப்பு உண்டு என 2012இல் மரண விசாரணை அதிகாரி கூறினார். மக்களிடம் உண்மையை மறைத்ததையும் கடுமையாகக் கண்டித்தார். மறு ஆண்டு வெளிவந்த அரசின் நச்சியல் குழு அறிக்கையோ, நீடித்த பாதிப்பு நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றது. அதே 2013இல் அரசு மன்னிப்புக் கோரியது.

இவ்விரு முடிவுகளில் எது சரி என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்றுகள் இல்லை. யார் எவ்வளவு குடித்தார், உடலில் எவ்வளவு சேர்ந்தது என்பதையெல்லாம் முறையாகப் பதிவு செய்திருக்கவேண்டிய நாட்கள், அந்த மௌனத்தில் கழிந்த நாட்களே. குழாய்களைக் கழுவிவிட முடிந்தது. ஆனால் தன் நோய்க்குக் காரணம் அந்த நீர்தானா என்று கேட்கும் ஒருவருக்கு விடைகூறும் வழியையும் அந்தப் பதினாறு நாட்கள் அடைத்துவிட்டன. கேமல்ஃபோர்டு மக்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுவே எனலாம்.