புழுவெட்டும் குருதிச் சோதனையும்

தலையிலே வட்டவட்டமாக மயிர் உதிரும் நோயைத் தமிழர் புழுவெட்டு என்றனர். கிரேக்கரோ மயிருதிர்வுக்கு நரியின் பெயரை இட்டனர். உண்மையில் புழுவுமில்லை, நரியுமில்லை. உடலைக் காக்கவேண்டிய வெண்குருதிக் கலங்களே மயிர்வேரைப் பகையென மயங்கித் தாக்குகின்றன.

இத்தகைய அழற்சியைக் குருதியில் அறியும் முயற்சி நெடியது. 1921இல் சுவீடனின் வெஸ்ரகிறென், செங்குருதிக் கலங்கள் படியும் வேகத்தை அளக்கும் முறையை வகுத்தார். 1930இல் நியூ யோர்க் றொக்பெல்லர் ஆய்வகத்திலே தில்லெற், பிரான்சிஸ் என்னும் இருவர், நியுமோனியா நோயாளரின் குருதிநீர் அந்நோய்க் கிருமியின் 'சீ' என்னும் பொருளோடு சேர்ந்து வீழ்படிவாதலைக் கண்டனர். அதற்குக் காரணமாய், ஈரலில் உண்டாகும் புரதம் 'சீ' எதிர்வினைப் புரதம் எனப்பட்டது.

புழுவெட்டில் இவ்வளவுகள் சற்றே உயர்வதுமுண்டு, உயராதிருப்பதுமுண்டு. போர் நிகழ்வது மயிர்வேரைச் சூழ்ந்த சிறு களத்திலன்றோ! ஆதலின், சோதனை குறையொன்றும் காட்டாவிடினும் நோய் பொய்யாகாது. 2022இல் அமெரிக்கா, வளர்ந்தோரின் கடும் புழுவெட்டுக்குப் பரிசிற்றினிப் என்னும் மாத்திரையை அனுமதித்தது. வெண்கலங்களைத் தூண்டும் சமிக்ஞையை அது தடுக்கிறது.

இந்நோய் தொற்றாது. ஆகவே, மயிரிழந்த பிள்ளையை வகுப்பறையில் ஒதுக்கி வைத்தல் அறிவுமன்று, அறமுமன்று.