நடுவர் வாயில் வந்த பெயர்

1991 ஜூலை 7. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் கடைசிப் புள்ளியை வென்ற மைக்கேல் ஸ்டிச் மண்டியிட்டுச் சரிகிறார். வலைக்கு அந்தப் பக்கம் மூன்று முறை சாம்பியனான போரிஸ் பெக்கர். 6-4, 7-6, 6-4. ஒரு செட்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நாற்காலியில் இருந்த நடுவர் மைக்கில் அறிவிக்கிறார்: “கேம், செட் அண்ட் மேட்ச், பெக்கர்.”

வாய் தவறிப்போச்சு, அவ்வளவுதான். அந்த மனிதரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆறு வருஷமாக அந்தப் புல்தரையில் ஜெர்மன்காரர் என்றால் பெக்கர்தான். நாக்கு பழகிய தடத்தில் போய்விட்டது. ஆனால் ஸ்டிச்சின் டென்னிஸ் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் நான் இந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன். ஜெயித்தவர் ஒருவர், வாயில் வருவது இன்னொருவர் பெயர்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1930களில் காட்ஃப்ரீட் ஃபான் கிராம் என்ற ஜெர்மன் பிரபு 1935, 36, 37 என்று மூன்று வருஷம் தொடர்ந்து விம்பிள்டன் இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்றார். அதற்குப் பிறகு ஜெர்மானியர்கள் காத்திருந்தது நாற்பத்தெட்டு வருஷம். 1985-இல் லைமன் என்ற சிற்றூரிலிருந்து வந்த பதினேழு வயதுப் பையன், தரவரிசைச் சலுகை எதுவும் இல்லாமல், கோப்பையைத் தூக்கிவிட்டான். புல்லில் பாய்ந்து விழுந்து, சட்டையெல்லாம் மண்ணாகி, எழுந்து மறுபடி பாய்ந்த பையன். ஒரு நாடு தன் பிள்ளை என்று ஒருவனைச் சுவீகரித்துக்கொள்வது அப்படித்தான் நடக்கும். பக்கத்து ஊரான ப்ரூலிலிருந்து ஸ்டெஃபி கிராஃப் வேறு. 1988-இல் நான்கு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் ஒரே வருஷத்தில். வீட்டில் ஒரு மகன், ஒரு மகள். குடும்பம் நிறைந்துவிட்டது.

ஸ்டிச் வடக்கத்திக்காரர். ஹாம்பர்க் பக்கத்தில் எல்ம்ஸ்ஹார்ன். பெக்கரைவிடப் பதினோரு மாதம்தான் இளையவர். ஆனால் பெக்கர் பள்ளியை விட்டு ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போன வயதில், இவர் உட்கார்ந்து பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்தார். 1988-இல்தான் தொழில்முறை வீரரானார். அப்போது பெக்கரிடம் இரண்டு விம்பிள்டன் இருந்தது.

1991 விம்பிள்டன் அரையிறுதியை யூடியூபில் தேடிப் பாருங்கள். எதிரே நடப்பு சாம்பியன் ஸ்டெஃபான் எட்பர்க். ஸ்டிச் வென்ற ஸ்கோர் 4-6, 7-6, 7-6, 7-6. எட்பர்க் அன்று முழுக்கத் தன் சர்வீஸை ஒருமுறைகூட இழக்கவில்லை. இழக்காமலே தோற்றார்! மூன்று டை-பிரேக்கில் சில புள்ளிகள், அதோடு சரி. டை-பிரேக் முறையைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஜிம்மி வான் ஆலன் அதே வாரத்தில்தான் இறந்துபோனார். கதையில் எழுதினால் ‘கொஞ்சம் ஓவர்’ என்று வெட்டிவிடுவார்கள்.

அந்த வீடியோவில் கவனிக்க வேண்டியது ஸ்டிச்சின் உடம்பு. சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடும்போது அவசரமே இல்லை. ஒற்றைக் கை பேக்ஹேண்ட் தோளிலிருந்து அப்படியே வழுக்கி வரும். கஷ்டப்படுகிற மாதிரியே தெரியாது. அவர் மீது மக்களுக்குப் பெரிதாகப் பிரியம் வராததற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. பெக்கர் பட்ட பாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டிச் ஜெயித்தால் ‘சுலபமாகக் கிடைத்தது’, தோற்றால் ‘அக்கறை இல்லை’. அழகாக ஆடுகிறவனுக்கு எப்போதும் இந்தத் தண்டனை உண்டு. நம் ஊர் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1991-இல் புல், களிமண், ஹார்ட்கோர்ட், கார்பெட் என்று நான்கு வகைத் தரையிலும் பட்டம் வென்றார். மறுவருஷம் ஜான் மெக்கன்ரோவோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர். கடைசி செட் 19-17. ஞாயிறு இருட்டிப்போனதால் திங்கட்கிழமை வந்து முடித்தார்கள். அதே கோடையில் பார்சிலோனா ஒலிம்பிக். ஒற்றையரில் பெக்கரும் ஸ்டிச்சும் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டு பேருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் ஜோடியாக இறங்கித் தங்கம் வாங்கினார்கள். மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், நண்பர்களாகவில்லை.

1993 எனக்குப் பிடித்த வருஷம். பெக்கர் அந்த ஆண்டு டேவிஸ் கோப்பையில் ஆடவில்லை. டிசம்பரில் டுசல்டார்ஃபில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான இறுதிப்போட்டி. ஸ்டிச் இரண்டு ஒற்றையர், பாட்ரிக் கூனனோடு ஓர் இரட்டையர், மூன்றையும் வென்றார். ஜெர்மனி 4-1. அதற்குச் சில வாரம் முன்புதான் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆண்டிறுதி சாம்பியன்ஷிப்பில் பீட் சாம்ப்ராஸைத் தோற்கடித்திருந்தார். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். ஜெர்மனி டேவிஸ் கோப்பையை வென்றது மொத்தமே மூன்று முறை. முதல் இரண்டும் பெக்கருடையவை, மூன்றாவது இவருடையது. ஒரு வருஷமாவது அந்த வீட்டில் இவர் மூத்த பிள்ளையாக இருந்தார்.

ஆனால் இவரும் லேசுப்பட்டவர் இல்லை. மறுவருஷமே விம்பிள்டனில் இரண்டாம் நிலை வீரராக வந்து, முதல் சுற்றில் பிரையன் ஷெல்டனிடம் நேர்செட்டில் தோற்றார். (இன்று நீங்கள் பார்க்கிற பென் ஷெல்டனின் அப்பா.) இரண்டு மாதத்தில் யு.எஸ். ஓப்பன் இறுதி, அங்கே ஆந்த்ரே அகாசியிடம் தோல்வி. இந்த மேடு பள்ளத்தைப் பார்க்கும்போது, அக்கறை இல்லை என்று சொன்னவர்களிடம் எனக்கே கொஞ்சம் நியாயம் தெரிகிறது. பெக்கரோடு நேருக்கு நேர் ஆடியதிலும் பெரும்பாலும் பெக்கர்தான் வென்றார். 1991-ஐ மட்டும் வைத்து இவர்தான் பெரியவர் என்று வாதாட முடியாது, நான் வாதாடவும் இல்லை.

மாஸ்கோவுக்கு வருகிறேன். 1995 செப்டம்பர், டேவிஸ் கோப்பை அரையிறுதி, எதிரணி ரஷ்யா. களிமண் தரை. பெக்கர் திரும்பி வந்திருந்தார், இரண்டு பேரும் ஒரே அணி. முதல் நாள் ஜெர்மனி 2-0. இரண்டாம் நாள் இரட்டையரில் பெக்கர்-ஸ்டிச் ஜோடி தோற்றது. கடைசி நாள் காயத்தால் பெக்கர் இறங்கவில்லை, கணக்கு 2-2. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம்: ஸ்டிச், ஆந்த்ரே செஸ்னகோவ். ஐந்தாவது செட்டில் ஸ்டிச்சுக்கு மேட்ச் பாயிண்ட் வந்தது. போனது. இன்னொன்று வந்தது, போனது. இப்படி ஒன்பது. ஒன்பது முறை ஒரே ஒரு பந்து தூரத்தில் இறுதிப்போட்டி நின்றது. 14-12 என்று செஸ்னகோவ் ஜெயித்தார். அவருக்கு ஜனாதிபதி யெல்ட்சின் பதக்கமே கொடுத்தார்.

சுலபமாக ஆடுகிறவர் என்று பெயர் வாங்கியவர் கண்ணுக்குத் தெரியும்படி பாடுபட்ட நாள் அது. இத்தனை நாள் எதைக் காட்டவில்லை என்று கேட்டார்களோ, அதை எல்லார் முன்னாலும் காட்டினார். தோற்றதால் அதுவும் அவர் கணக்கில் ஏறவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் கணுக்கால் பலமாக அடிபட்டது. அதிலிருந்து எழுந்து வந்து 1996 பிரெஞ்சு ஓப்பனில், களிமண்ணின் ராஜாவாக இருந்த தாமஸ் முஸ்டரை வெளியேற்றி, இறுதிவரை போனார். காஃபெல்னிகோவ் மூன்று செட்டில் வென்றார். 7-6, 7-5, 7-6. மூன்றும் நூலிழை.

1997 விம்பிள்டன். காலிறுதியில் சாம்ப்ராஸிடம் தோற்ற பெக்கர், இனி இங்கே ஆட மாட்டேன் என்று அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பிரிவுபசாரத்தில் மூழ்கின. அந்த வாரமே ஸ்டிச் அரையிறுதியில் செட்ரிக் பியோலினிடம் ஐந்து செட் போராடித் தோற்று, இருபத்தெட்டு வயதில் மொத்தமாக டென்னிஸிலிருந்தே ஓய்வு பெற்றார். பெக்கர் 1999-இல் மறுபடி விம்பிள்டனுக்கு வந்து ஆடினார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. 2003-இல் டென்னிஸ் புகழ் மண்டபம் பெக்கரைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டிச்சைக் கூப்பிட்டது 2018-இல். அதற்கு முன் பல வருஷம் அவர் ஹாம்பர்க் போட்டியின் இயக்குநராக, மைதானத்துக்கு வெளியே நின்று மற்றவர்களின் ஆட்டத்தை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.