ஓட்டம் முடிந்த மறுநாள்

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிடுகிறது. யார் முதலில் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்தார், இரண்டாவது ஆளுக்கும் அவருக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்று குறித்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். எனக்கு ஆர்வம் மறுநாளில்தான். நினைத்தபடி ஓட முடியாமல் போன பெண் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தாள்? அந்த ஏமாற்றத்தை யாரிடம் சொன்னாள்? சொல்ல முடிந்ததா?

மாரத்தான் ஓடியவர்களுக்கு இந்த மனநிலை தெரிந்திருக்கும். நான்கைந்து மாதப் பயிற்சி ஒரே காலையில் முடிந்துபோகிறது. தொடை இறுகிக் கிடக்கிறது, படியில் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கிறது, மனசு காலியாக இருக்கிறது. குறிவைத்த நேரத்துக்குள் முடிக்கவில்லை என்றால் அதன்மேல் ஒரு கசப்பும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஆலோசனைகள் நிறைய உண்டு: ஓய்வெடு, எங்கே சறுக்கியது என்று எழுதிப் பார், அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஏமாற்றம் முழுக்க உன்னுடையது, அதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் இந்த ஆலோசனைகளுக்கு அடியில் இருக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை இது மிகச் சமீபத்தில் வந்த வசதி. பல இடங்களில் இன்னும் வரவில்லை.

முதல் நவீன ஒலிம்பிக்கிலிருந்தே தொடங்கலாம். 1896 ஏப்ரல் 10 அன்று மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸுக்கு ஆண்கள் ஓடினார்கள், ஸ்பிரிடோன் லூயிஸ் வென்றார். ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைப் பெண்ணும் ஓட விரும்பினார். முப்பது வயது, கையில் ஒன்றரை வயதுக் குழந்தை, இன்னொரு குழந்தையை முந்தைய ஆண்டுதான் பறிகொடுத்திருந்தார். அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் தனியாக ஓடத் தொடங்கினார். கிளம்பிய நேரத்தை எழுதி, ஊர்த் தலைவர், ஆசிரியர், நீதிபதி ஆகியோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஏதென்ஸ் எல்லையை அடைந்தார். அங்கே இருந்த அதிகாரிகளிடமும் கையெழுத்துக் கேட்டார். அரங்கத்துக்குள் அவரை விடவில்லை.

அந்தக் காகிதம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஐந்தரை மணி நேரம் மண்சாலையில் ஓடிவந்தவள் நிழலில் உட்காரவில்லை, கையெழுத்துக்கு அலைகிறாள். ஒலிம்பிக் குழுவின் செயலாளரைப் பார்த்து வேலை கேட்பது அவர் திட்டம் என்று அன்றைய செய்திகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. வேலை கிடைத்ததா, அந்தக் குழந்தை என்ன ஆனது, எதுவுமே பதிவாகவில்லை. பெண்கள் மாரத்தானின் முதல் மறுநாள் வரலாற்றில் ஒரு வெற்றிடமாக இருக்கிறது.

அடுத்த கதை மாரத்தான் அல்ல, 800 மீட்டர். ஆனால் பெண்களின் ஒலிம்பிக் மாரத்தான் 1984 வரை தள்ளிப்போனதற்கான வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முறையாகத் தடகளம் திறந்தது, அதுவும் ஐந்தே ஐந்து போட்டிகள். ஜப்பான் அணியில் ஒரே ஒரு பெண் இருந்தார்: கினுயே ஹிட்டோமி. ஒகயாமா பகுதியில் பிறந்தவர், ஒசாகாவில் பத்திரிகையாளர், நீளம் தாண்டுதலில் உலக சாதனை வைத்திருந்தவர். ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு நீளம் தாண்டுதல் கிடையாது! ஆகவே 100 மீட்டரில் ஓடினார், இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. அழுதார். இப்படியே ஜப்பானுக்குத் திரும்ப முடியாது என்று நினைத்தார். பயிற்சியே எடுத்திராத 800 மீட்டரில் ஓட அனுமதி கேட்டு வாங்கினார். ஆகஸ்ட் 2 அன்று நடந்த இறுதி ஓட்டத்தில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஹிட்டோமிக்கு வெள்ளி. ஜப்பானியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

ஏமாற்றத்தை வென்ற கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு ஓட்டத்தில் தோற்ற இருபத்தியொரு வயதுப் பெண், ஊருக்குத் திரும்ப முடியாது என்று நினைக்கும் அளவுக்கு அந்தத் தோல்வி யாருடையதாக இருந்தது? அவர் தோற்றால் ஜப்பானியப் பெண்கள் எல்லோரும் தோற்றதாக ஆகிவிடும், இனி எவளையும் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பயம் வீண்பயம் என்று சொல்ல முடியவில்லை. அந்த 800 மீட்டருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஓடியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர்களும் ஒன்பது பேர். கடைசி அடி வரை முழு வேகத்தில் வந்ததால் சிலர் முடித்தபின் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களின் 800 மீட்டர் முடிந்தாலும் இதே காட்சிதான். ஆனால் பத்திரிகைகளில் வந்தது வேறு. பதினொரு பேர் ஓடியதாகவும், ஐந்து பேர் பாதியில் நின்றதாகவும், மற்றவர்கள் சுருண்டு விழுந்ததாகவும் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார். எண்ணிக்கையே தப்பு! தரையில் கிடந்த பெண்ணுடல் பெண்ணால் முடியாது என்பதற்கான மருத்துவச் சான்றாக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக் வரை 200 மீட்டருக்கு மேல் பெண்கள் ஓடவே இல்லை.

இருபது ஆண்டுகள் முன்பு, 1908 லண்டன் மாரத்தானில், இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி அரங்கத்துக்குள் வழி தெரியாமல் திரும்பினார், திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்திக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். உதவி பெற்றதால் தகுதி நீக்கப்பட்டார். மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா அவருக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார், உலகமே அவரைக் கொண்டாடியது. ஆண்களின் மாரத்தானை நிறுத்த வேண்டும் என்று அதற்காக யாரும் அதை நிறுத்திவிடவில்லை. விழுந்த ஆண் வீரனானான், விழுந்த பெண் ஆதாரமானாள்.

இந்தக் கணக்கு பெண்களுக்குள்ளும் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை 1984 லாஸ் ஏஞ்சலஸில் பார்க்கலாம். பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான். ஜோன் பெனாய்ட் 2:24:52இல் வென்று வெகுநேரம் கழித்து, ஸ்விட்சர்லாந்தின் 39 வயது கப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத்தால் உடல் ஒரு பக்கம் கோணிக்கொள்ள அரங்கத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் மேல் எடுத்து 37ஆவதாக முடித்தார். யாரும் தொட்டால் தகுதி போய்விடும் என்று மருத்துவர்கள் பக்கத்திலேயே நடந்துவந்தார்கள். அன்று பார்த்துக்கொண்டிருந்த பெண் ஓட்டக்காரர்கள் பலருக்கு அவர் உடல்நிலையோடு இன்னொரு கவலையும் இருந்தது: இதை வைத்து மறுபடியும் மூடிவிடுவார்களோ? மூடவில்லை. அதற்குள் உலகம் கொஞ்சம் மாறியிருந்தது.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அவரவர் வீட்டில் அளந்து பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் என் முதல் முழு மாரத்தானை ஓடினேன். ஐந்து மணி நேரம் என்பது குறி, முடித்தது 5 மணி 38 நிமிடத்தில். முப்பதாவது கிலோமீட்டரிலிருந்து நடையும் ஓட்டமுமாகத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து "ரொம்ப மோசமா ஓடிட்டேன்" என்றேன். "இதுக்கா அஞ்சு மாசமா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போனே?" என்றார் அத்தை. கணவர் அன்பாகத்தான் சொன்னார்: "இவ்வளவு வருத்தப்படறதா இருந்தா எதுக்கு இது? விட்டுடேன்." என்னோடு ஓடிய ஆண்களும் நினைத்த நேரத்துக்குள் முடிக்காமல்தான் வீட்டுக்குப் போனார்கள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அவர்களுக்குக் காபி வந்திருக்கும்.

அன்றைக்கு உறைத்தது இது. எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கும் பெண்கள், நேரம் எதுவானாலும், வீட்டில் "சூப்பரா இருந்தது" என்றுதான் சொல்வார்கள். விடிகாலையில் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே இருக்கும் இரண்டு மணி நேரம் என்பது இட்லிக்கும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்கும் நடுவே பேரம் பேசி வாங்கியது. அதில் வருத்தம் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், அந்த நேரம் திரும்பப் பறிக்கப்படும். 800 மீட்டரை எடுத்துவிட்டவர்களும் பெண்களின் நலனைச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

ஒலிம்பிக் அளவுக்குப் போன பெண்ணுக்கும் இது பொருந்தும். 2016 ரியோவில் வயநாட்டின் ஓ.பி. ஜைஷா 2:47:19இல் 89ஆவதாக வந்தார். முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் அவர் படைத்த தேசிய சாதனையைவிடப் பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் அதிகம். வெயிலில் முடித்தவுடன் மயங்கி விழுந்தார், ஊசிவழி மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. வழியில் இந்தியாவுக்கென்று ஒதுக்கிய இடங்களில் பானம் கொடுக்க யாருமே இல்லை என்றார். அவரும் பயிற்சியாளரும் தனிப் பானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. அமைச்சகம் விசாரணைக் குழு வைத்தது. இதில் யார் சொன்னது சரி என்பது வேறு. 42 கிலோமீட்டர் ஓடி நினைத்தது நடக்காமல் போன ஒருத்தி, ஊர் திரும்பியதும் தன் வார்த்தைக்குச் சாட்சி சொல்ல நிற்க வேண்டியிருந்தது. ரெவிதியின் காகிதம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதெல்லாம் பெண்களுக்கு மட்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. மறுபடியும் ஜப்பானுக்குப் போக வேண்டும். 1964 டோக்கியோ மாரத்தானில் கோகிச்சி சுபுராயா இரண்டாவதாக அரங்கத்துக்குள் வந்தார். சொந்த மக்கள் கண்முன்னே, கடைசிச் சுற்றில், பிரிட்டனின் பாசில் ஹீட்லி அவரை முந்தினார். வெண்கலம் கிடைத்தது. நாட்டு மக்களுக்கு மன்னிக்க முடியாத தவறு செய்துவிட்டதாக அவர் நினைத்தார். அடுத்த ஒலிம்பிக் ஆண்டான 1968இன் தொடக்கத்தில், 27 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஊட்டிய உணவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் குடும்பத்தாருக்கு நன்றி எழுதி, களைத்துவிட்டேன், இனி ஓட முடியாது என்று முடித்திருந்தார். தேசம் தன் பெருமையை ஒரு உடலின் மேல் ஏற்றினால் அது ஆணுடலையும் நொறுக்கும். ஆனாலும், சுபுராயா தோற்றதால் ஜப்பானிய ஆண்கள் ஓடத் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஹிட்டோமியின் தலையில் தேசமும் இருந்தது, பெண்ணினமும் இருந்தது.

ஹிட்டோமி 1930இல் பிராகில் நடந்த பெண்கள் உலக விளையாட்டுக்கு இளம் பெண்களின் குழுவைக் கூட்டிப்போனார். அதற்காகப் பள்ளி மாணவிகளிடமிருந்தும் நன்கொடை திரட்டியிருந்தார். அலைச்சலும் ஓட்டமும் சேர்ந்து உடல் ஒடுங்கியது. 1931இல் நுரையீரல் நோயால் இறந்தபோது அவருக்கு வயது 24. தேதி ஆகஸ்ட் 2, அந்த 800 மீட்டர் ஓடிச் சரியாக மூன்றாண்டுகள்.

அதே ஒகயாமாவில் 1966இல் பிறந்தவர் யூகோ அரிமோரி. 1992 பார்சிலோனா மாரத்தானில் மோன்ட்ஜூயிக் குன்றின் ஏற்றத்தில் வலென்டினா யெகோரோவாவோடு தோளோடு தோளாகப் போராடி, எட்டு விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டார். 64 ஆண்டுகளுக்குப் பிறகு, ஹிட்டோமியை அடுத்து, தடகளத்தில் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் பதக்கம். பார்சிலோனாவில் ஆகஸ்ட் 1 மாலை, ஜப்பானில் ஆகஸ்ட் 2 பிறந்துவிட்டிருந்தது.

பதக்கத்தின் மறுநாள் அவருக்கும் லேசாக இல்லை. வெள்ளி வாங்கியவளிடம் எல்லோரும் அடுத்துத் தங்கத்தைக் கேட்டார்கள். குதிகால்கள் வலித்தன, 1994இல் இரண்டிலும் அறுவை சிகிச்சை. இனி ஓட முடியுமா என்ற கேள்வியோடு ஒரு வருடம் போயிற்று. 1995 ஹொக்கைடோ மாரத்தானை வென்று திரும்பி வந்தார். 1996 அட்லாண்டாவில் எத்தியோப்பியாவின் ஃபதுமா ரோபா எல்லோரையும் வெகுதூரம் விட்டுவிட்டுப் போய்விட, யெகோரோவா இரண்டாவதாக வந்தார், அரிமோரி மூன்றாவது. கணக்கில் ஒரு படி இறக்கம். கோட்டைத் தாண்டி வந்தவர், கண்ணீரோடு, முதல்முறையாகத் தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளத் தோன்றுகிறது என்றார். அந்தச் சொல் அந்த ஆண்டு ஜப்பானில் எல்லோர் வாயிலும் புழங்கியது.

இதைச் சுயமுன்னேற்ற வாசகமாக ஆக்கிவிடுவது எளிது, ஆக்கியும் விட்டார்கள். நான் அதை வேறு மாதிரி கேட்கிறேன். சுபுராயாவுக்குக் கிடைத்த அதே வெண்கலம், ஹிட்டோமி திரும்பிப் போக அஞ்சிய அதே நாடு. அந்தக் கேமராக்களின் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கம். அரிமோரி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. தன் ஓட்டம் எப்படி இருந்தது என்று தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில், கண்ணிவெடியில் கை கால் இழந்தவர்களுக்கு நிதி திரட்டத் தொடங்கிய முதல் அங்கோர் வாட் அரை மாரத்தானில் போய் ஓடினார்.

ஒகயாமாவில் டிசம்பர் மாதம் பெண்களுக்கென்றே ஒரு சாலை ஓட்டம் நடத்துகிறார்கள். 10 கிலோமீட்டருக்கு ஹிட்டோமி கோப்பை, அரை மாரத்தானுக்கு அரிமோரி கோப்பை. அதன் முடிவுப் பட்டியல்களில் நான் கடைசிப் பெயர்களைத்தான் முதலில் தேடுவேன்.