அம்மா பூசிய மருந்து, குழந்தையின் வாய்: ஒரு வரலாற்று இழை

1/ "டாக்டர், பால் குடுத்துட்டு இருக்கேன். படர்தாமரைக்கு கிரீம் போடலாமா? பால்ல கலந்துடுமா?"
ஓ.பி.யில் அடிக்கடி வர்ற கேள்வி. நல்ல கேள்வியும்கூட. ஆனா பால் வழியா போறதைவிட நாம கவனிக்க வேண்டிய இன்னொரு வழி இருக்கு. அதைச் சொல்ல கொஞ்சம் வரலாறு தேவை மக்களே.

2/ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம், ஜப்பான். கைக்குழந்தைகளுக்கு வாந்தி, ரத்தசோகை, வலிப்பு. பல குழந்தைகள் இறந்துபோயின. பார்க்க மூளைக்காய்ச்சல் மாதிரியே இருக்கும். காரணம் மட்டும் பிடிபடல.

3/ 1923-ல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் இகுடாரோ ஹிராய் காரணத்தைச் சொன்னார்: ஈயம்.
அம்மாக்கள் பூசிய வெள்ளைப் பவுடர் ஈயத்தில் செய்தது. முகத்தோடு நிற்காம கழுத்து, மார்பு வரைக்கும் பூசுவாங்க. பால் குடிக்கும்போது குழந்தை அதையும் சேர்த்து நக்கியது.
அந்தப் பவுடரை முழுசா தடை செய்ய 1930-களின் மத்தி வரை ஆச்சு. பத்து வருஷத்துக்கு மேல!

4/ இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டுக் கதை வேற. மார்புக்காம்பு வெடிப்புக்கு ஈயத்தில் செய்த சின்ன மூடிகள் விற்பனைக்கு வந்தன. புண்ணை ஆத்தத்தான் போட்டாங்க. ஆனா பால் பட்டுப்பட்டு ஈயம் கரைஞ்சது. அடுத்த வேளை அது குழந்தையின் வாய்க்குப் போச்சு.

5/ 1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூசிப் பலன் இருப்பதைக் காட்டினாங்க. தோல் மருத்துவமே மாறிப்போச்சு. அதன்பிறகு இன்னும் வீரியமான ஸ்டீராய்டு கிரீம்கள் வரிசையா வந்தன.

6/ 1983-ல் இத்தாலிய மருத்துவர்கள் ஒரு 2 மாதக் குழந்தையைப் பற்றி எழுதினாங்க. கடுமையான ரத்த அழுத்தம், உப்பிய முகம், வளர்ச்சிக் குறைவு, ரத்தத்தில் உப்புச் சத்துகளின் அளவு தாறுமாறு.
காரணம்? காம்பு வலிக்காக, பிரசவம் ஆனதிலிருந்தே அம்மா அங்கே பூசிவந்த ஸ்டீராய்டு கிரீம்.

7/ மூணு கதையிலும் பொதுவா ஒண்ணு இருக்கு. குழந்தையின் வாய் படுற இடத்திலேயே அந்தப் பொருள் இருந்தது.
கை, காலில் சின்ன இடத்தில் பூசுற கிரீம் அப்படியில்ல. தோல் வழியா ரத்தத்துக்குப் போறது கொஞ்சம், அதிலிருந்து பாலுக்குப் போறது இன்னும் கொஞ்சம்.

8/ அதனால:
• க்ளோட்ரிமசோல், வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் மாதிரி கிரீம்களை டாக்டர் சொன்னபடி சின்ன இடத்தில் பூசினா, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.
• பூசினதும் கை கழுவுங்க. அந்த இடம் குழந்தையின் தோலில் உரசாம பாத்துக்கோங்க.
• மார்பில் பூசணும்னா டாக்டரைக் கேட்டு, பால் குடுத்து முடிச்ச பிறகு பூசுங்க. அடுத்த முறை குடுக்கும் முன்னாடி துடைச்சுடுங்க. பிசுபிசுப்பான ஆயின்ட்மென்ட்டைவிட, தண்ணியில் கழுவினா போகும் கிரீம் நல்லது.
• சிரங்குப் பூச்சிக்கு பெர்மெத்ரின் பூசலாம். மார்பில் பட்டிருந்தா, குழந்தையை அணைக்கும் முன் கழுவணும்.

9/ மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்குற 'எல்லாத்துக்கும் ஒரே கிரீம்' வேண்டவே வேண்டாம். பலதில் க்ளோபெடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். இந்தியாவில் 2018-லேயே இவற்றைச் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு விதி வந்தாச்சு.

10/ தோல் பிரச்சினைக்கு எந்த டாக்டரைப் பார்த்தாலும் ரெண்டு விஷயத்தை நீங்களே முதல்ல சொல்லிடுங்க: "பால் குடிக்குற குழந்தை இருக்கு. இந்த இடத்துலதான் பூசணும்."