வில்லியம் பெய்லி (படை அதிகாரி)

வில்லியம் பெய்லி (இறப்பு: நவம்பர் 13, 1782) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய இசுக்கொட்லாந்து நாட்டு அதிகாரி ஆவார். லெப்டினன்ட் கர்னல் பதவி வகித்த இவர், இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போரின்போது காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 இல் தோல்வியுற்றுச் சிறைப்பட்டார். ஈராண்டுகளுக்குப் பின் சீரங்கப்பட்டணச் சிறையில் நோயுற்று இறந்தார்.

பின்னணி

1780 சூலையில் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தார். கம்பனிப் படைத்தலைவர் எக்டர் மன்றோ தம் படைகளைக் காஞ்சிபுரத்தில் ஒன்றுதிரட்ட முடிவு செய்தார். குண்டூரில் இருந்த பெய்லியின் படைப்பிரிவும் அங்கு வருமாறு பணிக்கப்பட்டது. ஆகத்து 25 அன்று கொசத்தலை ஆற்றை அடைந்த பெய்லி, அதன் வடகரையிலேயே தங்கினார். அன்றிரவு பெய்த மழையால் ஆற்றில் வெள்ளம் பெருகியது. செப்டம்பர் தொடக்கம் வரை அவரால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. இத்தாமதமே மைசூர்ப் படை அவரை இடைமறிக்க வாய்ப்பளித்தது.

புள்ளலூர்ச் சமர்

செப்டம்பர் 6 இல் பெரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் தாக்கினார். பெய்லி அதனை எதிர்த்து நின்றாலும் முன்னேற முடியவில்லை. மன்றோ தாமே செல்லாமல், கர்னல் பிளெச்சர் தலைமையில் சுமார் 1,000 வீரர்களை மட்டும் உதவிக்கு அனுப்பினார். இதனால் பெய்லியின் படை சுமார் 3,800 பேராக உயர்ந்தது. இவர்களில் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்கள்.

செப்டம்பர் 10 காலை புள்ளலூரில் ஐதரும் திப்புவும் இப்படையைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதால் பீரங்கிகள் பயனற்றுப் போயின. மைசூர்ப் படையின் ஏவுகணைகளே இதற்குக் காரணம் என்பது பரவலான கருத்து. காயமுற்ற பெய்லி சரணடைந்தார். சில மைல் தொலைவில் இருந்த மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் போட்டுவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். 1764 இல் பக்சார் சமரை வென்ற அவரது புகழுக்கு இது பெரும் களங்கமாயிற்று.

சிறைவாழ்வும் இறப்பும்

பெய்லியுடன் சுமார் 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர். அவர்களுள் சுமார் 50 பேர் அதிகாரிகள். பெய்லி சீரங்கப்பட்டணத்தில் விலங்கிடப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். காயமும் நோயும் கைதிகள் பலரை வாட்டின. 1782 நவம்பர் 13 அன்று பெய்லி இறந்தார். அவரை வென்ற ஐதர் அலியும் 24 நாட்களுக்குப் பின், டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே போர்ப்பாசறையில் முதுகில் தோன்றிய கட்டியினால் இறந்தார். உயிருடன் எஞ்சிய கைதிகள் 1784 மார்ச்சு 11 இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கைக்குப் பின்னரே விடுதலையாயினர். அவர்களுள் ஒருவரான டேவிட் பெயர்டு, 1799 இல் சீரங்கப்பட்டணக் கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார்.

நினைவுச் சின்னங்கள்

சீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையில் புள்ளலூர்ச் சமரைக் காட்டும் பெரிய சுவரோவியம் உள்ளது. அதில் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்தவாறு காணப்படுகிறார். அவரது உறவினர் சான் பெய்லி 1816 இல் எழுப்பிய நினைவு மண்டபம் அதே ஊரில் உள்ளது. கோட்டையிலுள்ள ஒரு நிலவறையும் "கர்னல் பெய்லி சிறை" என்றே அழைக்கப்படுகிறது.